பயங்கரவாதத்தின் பாதை: டைனமைட் முதல் நேரலை வரை

புதுடெல்லி: 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 5. மேற்கு ஜெர்மனியின் மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேல் விளையாட்டு வீரர்களைப் பாலஸ்தீன 'கறுப்பு செப்டம்பர்' அமைப்பினர் பணயக்கைதிகளாகப் பிடித்து வைத்திருந்தனர். அவர்களை மீட்பதற்காக, விளையாட்டு உடை அணிந்த காவலர்கள் கட்டடத்தின் கூரையில் நிலை கொண்டனர். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானது. அறைக்குள் இருந்த ஆயுததாரிகளும் அதே தொலைக்காட்சியைப் பார்த்துக் கொண்டிருந்தனர். மீட்பு முயற்சி கைவிடப்பட்டது. இறுதியில் 11 இஸ்ரேலியர்களும் ஒரு ஜெர்மன் காவலரும் உயிரிழந்தனர்.

36 ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பர் மாதத்தில் மும்பையில் அதே காட்சி மீண்டும் அரங்கேறியது. கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்த லஷ்கர்-இ-தொய்பா இயக்கத்தின் 10 பேர், தாஜ் ஹோட்டல், ஓபராய்-டிரைடென்ட் ஹோட்டல், நரிமன் இல்லம் ஆகியவற்றில் புகுந்திருந்தனர். தேசிய பாதுகாப்புப் படை வீரர்களின் நகர்வுகளை இந்தியத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. எல்லைக்கு அப்பால் அமர்ந்து அவற்றைப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள், இணையவழித் தொலைபேசியில் தங்கள் ஆட்களுக்கு நிமிடத்துக்கு நிமிடம் கட்டளையிட்டனர். 166 பேர் கொல்லப்பட்டனர். அஜ்மல் கசாப் வழக்கில் 2012 ஆகஸ்ட் மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த நேரலைகளைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்பத் தடை விதிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் பயங்கரவாதத்தின் அடிப்படைத் தன்மையை உணர்த்துகின்றன. போரில் கொல்லப்படுபவரே இலக்கு. பயங்கரவாதத்தில் கொல்லப்படுபவர் வெறும் கருவி. அதைப் பார்ப்பவரே இலக்கு. அது நடத்தப்படுவதே பார்வையாளர்களுக்காகத்தான் என்பதை அமெரிக்க ஆய்வாளர் பிரையன் ஜென்கின்ஸ் 1970-களிலேயே சுட்டிக்காட்டினார். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பயங்கரவாதம் அடைந்த மாற்றங்களுள் பெரும்பாலானவற்றை, பார்வையாளரைச் சென்றடையும் வழி மாறியதன் விளைவுகளாகவே விளங்கிக்கொள்ள முடியும்.

அரசின் பெயரால் தொடங்கிய சொல்

'பயங்கரம்' என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொல், அரசியல் சொல்லாக மாறியது 1793-94-இல். பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் எதிரிகளைக் கில்லட்டினுக்கு அனுப்பிய அந்தக் காலமே 'பயங்கர ஆட்சி' என வழங்கப்படுகிறது. ரோபஸ்பியர் வீழ்ந்த பிறகு, அவருடைய ஆதரவாளர்களைக் குறிக்கவே 'பயங்கரவாதி' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. அதாவது, முதல் பயங்கரவாதிகள் எனப்பட்டோர் அரசை நடத்தியவர்கள். அரசை எதிர்ப்போரைச் சுட்டும் சொல்லாக அது மாறியது அடுத்த நூற்றாண்டில்தான்.

இன்றைய பொருளில் பயங்கரவாதத்தின் தொடக்கமாக ஆய்வாளர்கள் சுட்டுவது, 1879-இல் ரஷ்யாவில் உருவான 'நரோத்னயா வோல்யா' என்ற அமைப்பை. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1867-இல். பாறைகளைப் பிளக்க வந்த அந்த வெடிபொருள், ஒரு படையின் வலிமையைச் சில இளைஞர்களின் கைக்குள் கொண்டு வந்தது. 1880 பிப்ரவரியில் ரஷ்யப் பேரரசரின் குளிர்கால அரண்மனையில் தச்சராக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் டைனமைட்டை வெடிக்கச் செய்தார். படைவீரர்கள் மாண்டனர், பேரரசர் தப்பினார். 1881 மார்ச் 13 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் வீசப்பட்ட இரண்டாவது குண்டு இரண்டாம் அலெக்சாண்டரையும் குண்டை வீசியவரையும் ஒருசேரக் கொன்றது. அச்செய்தியைத் தந்திக் கம்பிகள் உடனுக்குடன் உலக நாளிதழ்களுக்குக் கொண்டு சேர்த்தன. செய்தி முகமைகளின் வளர்ச்சியும் இந்தப் புதிய வன்முறையின் வளர்ச்சியும் ஒரே காலத்தவை என்பதை ஒரு செய்தி முகமையின் பக்கத்தில் மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் தலைமுறை தனக்கென சில எல்லைகளை வகுத்திருந்தது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு இறந்தபோது, நரோத்னயா வோல்யாவின் செயற்குழு அக்கொலையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. மக்கள் சுதந்திரமாக வாக்களிக்கும் நாட்டில் அரசியல் கொலைக்கு நியாயம் இல்லை என்பது அதன் வாதம். 1905-இல் மாஸ்கோவில் இளவரசர் செர்கேயைக் கொல்லக் காத்திருந்த இவான் கல்யாயெவ், வண்டியில் அவருடன் மனைவியும் குழந்தைகளும் இருப்பதைக் கண்டு குண்டை வீசாமல் திரும்பினார். இரண்டு நாள்களுக்குப் பிறகு, இளவரசர் தனியாக வந்தபோதே அவரைக் கொன்றார்.

அந்த எல்லையும் எங்கும் நிலைக்கவில்லை. 1894 பிப்ரவரியில் பாரிஸ் ரயில் நிலையம் அருகே இருந்த டெர்மினஸ் காபி விடுதியில் எமிலி ஹென்றி என்ற இளைஞர் குண்டு வீசினார். அங்கிருந்தவர்கள் அமைச்சர்களோ அதிகாரிகளோ அல்லர். மாலைப் பொழுதில் இசை கேட்க வந்தவர்கள். நடுத்தர வர்க்கத்தினரில் குற்றமற்றவர் என்று யாரும் இல்லை என்று அவர் நீதிமன்றத்தில் வாதிட்டார். பின்னாளில் மதத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் சாதாரண மக்களைக் கொன்ற ஒவ்வோர் அமைப்பும், சொற்களை மட்டும் மாற்றி, இதே வாதத்தைத்தான் முன்வைத்தது.

அலைகளும் அவற்றின் தொடர்ச்சியும்

அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் ராபபோர்ட், நவீன பயங்கரவாதத்தை நான்கு அலைகளாகப் பிரித்தார். அரசின்மைவாதிகளின் அலை, காலனி எதிர்ப்பு அலை, 1960-களின் புதிய இடதுசாரி அலை, 1979-இல் தொடங்கிய மத அலை என்பன அவை. ஒவ்வோர் அலையும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் நீடித்துத் தணிகிறது என்பது அவர் கணிப்பு. பயனுள்ள வகைப்பாடுதான், ஆனால் அலைகளுக்கு இடையே கோடு கிழிக்க இயலாது. முறைகள் ஓர் அலையிலிருந்து மற்றோர் அலைக்குக் கைமாறிக் கொண்டே இருந்தன.

இந்தியாவே இதற்குச் சான்று. வங்காளப் புரட்சியாளர் ஹேமச்சந்திர கானுங்கோ, பாரிஸில் ரஷ்யர் ஒருவரிடம் வெடிகுண்டு தயாரிக்கக் கற்றுத் திரும்பினார். 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டசபையில் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியபோது உடன் வீசிய துண்டறிக்கை, 1893-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குண்டு வீசிய ஆகஸ்ட் வையான் என்பவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவர்கள் ஆளில்லாத இடம் நோக்கியே குண்டுகளை வீசினர், தப்பி ஓடாமல் கைதாகினர், நீதிமன்றத்தையே மேடையாக்கினர். கொல்வதல்ல, கேட்கச் செய்வதே நோக்கம் என்றனர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் முதல் பகத் சிங் வரை பலரையும் பயங்கரவாதிகள் என்றே பிரிட்டிஷ் ஆவணங்கள் பதிவு செய்தன. விடுதலை பெற்ற நாடு அவர்களைத் தியாகிகள் என்கிறது. இலக்கைத் தேர்ந்தெடுத்த ஒருவரையும், ரயில் நிலையக் கூட்டத்தின் மீது கண்மூடித்தனமாகச் சுட்ட ஒருவரையும் ஒரே சொல்லால் குறிக்க முடியாது என்பதே இதில் எழும் நியாயமான மறுப்பு. எனினும், அந்த வேறுபாட்டைச் சட்டத்தின் மொழியில் எழுதுவதில் உலகம் இன்னும் வெற்றி பெறவில்லை.

காலனி ஆட்சிகள் தளர்ந்த காலத்தில் வேறொரு சிக்கலும் தோன்றியது. 1946 ஜூலை 22 அன்று ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் 'இர்குன்' என்ற யூத ஆயுத அமைப்பு வைத்த குண்டு 91 பேரைக் கொன்றது. அந்த அமைப்பின் தலைவர் மெனாகெம் பெகின் 1977-இல் இஸ்ரேல் பிரதமரானார். மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசையும் பகிர்ந்து கொண்டார். வன்முறை பலன் தரும் என்ற நம்பிக்கை அடுத்த தலைமுறை அமைப்புகளிடம் வேரூன்ற இத்தகைய எடுத்துக்காட்டுகளும் காரணமாயின.

விமானமும் தொலைக்காட்சியும்

1968 ஜூலை மாதம், ரோமிலிருந்து புறப்பட்ட இஸ்ரேல் விமானத்தைப் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி அல்ஜீரியாவுக்குக் கடத்தியது. பயங்கரவாதம் எல்லை கடந்த தொழிலாக மாறியதன் அடையாளம் இது. 1972 மே மாதம் இஸ்ரேலின் லாட் விமான நிலையத்தில் 26 பேரைக் கொன்றவர்கள் ஜப்பானியச் செம்படையினர் மூவர். அவர்களை அனுப்பியது பாலஸ்தீன அமைப்பு. இறந்தோரில் பெரும்பாலோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து புனிதப் பயணம் வந்த கிறிஸ்தவர்கள். கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் இடையே எந்தப் பகையும் இல்லை.

ஆனாலும் அக்கால அமைப்புகள் பேரம் பேசின. பணயக்கைதிகளுக்குப் பதிலாகச் சிறைக்கைதிகளைக் கேட்டன. இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை 1978-இல் கடத்திய செம்படைப் பிரிவினர், 55 நாள்கள் பேரம் பேசிய பின்னரே கொன்றனர். பேரம் பேச வேண்டுமானால், பெருந்திரளான சாவு இடையூறு. அனுதாபம் கரைந்துவிடும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது.

1980-களில் அந்தக் கவலை மறையத் தொடங்கியது. 1979-ஆம் ஆண்டு ஈரானில் மதத் தலைமையில் புரட்சி வென்றது. மெக்கா பெரிய பள்ளிவாசல் ஆயுதக் குழுவால் கைப்பற்றப்பட்டது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்தது. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் வெடிபொருள் நிரப்பிய வாகனங்கள் அமெரிக்க, பிரெஞ்சுப் படை முகாம்களில் மோதின. 241 அமெரிக்கர்களும் 58 பிரெஞ்சு வீரர்களும் மாண்டனர். சில மாதங்களில் அமெரிக்கப் படை லெபனானை விட்டு வெளியேறியது. இதை உலகெங்கும் உள்ள ஆயுத அமைப்புகள் கவனித்தன.

தற்கொலைத் தாக்குதலை மதத்தோடு மட்டுமே பிணைத்துப் பார்ப்பது பிழை. மதச்சார்பற்ற தேசியவாத அமைப்பான விடுதலைப் புலிகள், 1987 ஜூலை 5 அன்று நெல்லியடி ராணுவ முகாம் மீது முதல் தற்கொலைத் தாக்குதலை நடத்தினர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, நிகழ்வைப் படம் எடுப்பதற்கென்றே ஒரு புகைப்படக்காரர் அழைத்து வரப்பட்டிருந்தார். அவரும் குண்டு வெடிப்பில் இறந்தார். தப்பிய அவருடைய கேமராவே புலனாய்வாளர்களுக்கு முதல் தடயமாயிற்று.

உரிமை கோராத தாக்குதல்களும் இக்காலத்தில் பெருகின. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்பரப்பின் மேல் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். 1993 மார்ச் 12 அன்று மும்பையில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகள் 257 உயிர்களைப் பறித்தன. கோரிக்கை எதுவும் முன்வைக்கப்படாத இடத்தில், பேரம் பேசுவதற்கும் எதுவும் இல்லை. தண்டிப்பதே நோக்கம். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு சாரின் நச்சுவாயுவைப் பரப்பியதும், அதற்கு அடுத்த மாதமே அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் முன்னாள் படைவீரர் ஒருவர் வைத்த குண்டு 168 பேரைக் கொன்றதும், எந்த ஒரு மதத்துக்கோ நாட்டுக்கோ இது தனியுரிமை அல்ல என்பதைக் காட்டின.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் 2,977 பேர் கொல்லப்பட்டனர். அதற்கு அல்-கொய்தா செலவிட்ட தொகை 4 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை என அமெரிக்க விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. இந்தச் சிறு தொகைதான், பின்னர் உலக நாடுகள் வங்கிக் கணக்குகளைக் கண்காணிக்கத் தொடங்கியதற்குக் காரணம். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அதே மாதம் 1373-ஆவது தீர்மானத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான் 2018 முதல் 2022 வரை நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்ததும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

அமைப்பு இல்லாத தாக்குதல்

இஸ்லாமிய தேசம் என்று தன்னை அழைத்துக் கொண்ட ஐஎஸ் அமைப்பு, 2014-இல் ஈராக்கிலும் சிரியாவிலும் நிலப்பரப்பைப் பிடித்து கிலாஃபத்தை அறிவித்தது. கையில் கிடைத்த கல், கத்தி, கார் எதுவாயினும் அதைக் கொண்டு தாக்குங்கள் என்று அதன் பேச்சாளர் அதே ஆண்டு ஆதரவாளர்களை அழைத்தார். பயிற்சி முகாமும் வெடிபொருள் நிபுணரும் தேவையற்றவர்களாயினர். 2016 ஜூலை 14 அன்று பிரான்ஸின் நீஸ் நகரில் ஒரு சரக்கு லாரி 86 பேரைக் கொன்றது.

மறுமுனையில், நார்வேயில் 2011-இல் 77 பேரைக் கொன்ற வெள்ளை இன வெறியரின் நீண்ட அறிக்கை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் கொலையாளிக்கு முன்மாதிரியாயிற்று. 2019 மார்ச் 15 அன்று இரு மசூதிகளில் 51 பேரைக் கொன்ற அவர், தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினார். நேரலையின்போது அதைப் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளைத் தாங்கள் நீக்க நேர்ந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. 1972-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் எடுத்த முடிவை, 2019-இல் லட்சக்கணக்கான தனிநபர்கள் எடுத்தனர். அவர்களுள் பலர் கொலையாளியை வெறுத்தவர்களாகவும் இருக்கலாம். விரல் நுனியால் அவருடைய வேலையைச் செய்து முடித்தார்கள் என்பதில் மாற்றம் இல்லை.

இந்தியாவில் 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டுகள் போடப்பட்டன. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு, லஷ்கரின் நிழல் அமைப்பு எனக் கருதப்படும் 'தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரண்ட்' முதலில் பொறுப்பேற்றுப் பின்னர் மறுத்தது. புதுப்புதுப் பெயர்களில் அமைப்புகள் தோன்றுவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: பழைய பெயர்கள் ஐ.நா. தடைப் பட்டியலில் இருக்கின்றன.

ஏன் கொல்கிறார்கள்?

வறுமைதான் காரணம் என்ற விடை எளிதானது. ஆனால் சான்றுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் 2003-இல் இணை ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வு, லெபனான், பாலஸ்தீன ஆயுத அமைப்பினர் தம் சமூகத்தின் சராசரியைவிட ஏழைகளாகவோ கல்வி குறைந்தவர்களாகவோ இல்லை என்று காட்டியது. செப்டம்பர் 11 கடத்தல்காரர்களின் தலைவர் முகமது அட்டா, ஜெர்மனியில் நகரமைப்பு படித்தவர். மனநோய் என்ற விடையும் அப்படியே. பயங்கரவாதிகளிடம் பொதுவாகக் காணப்படுவது அவர்களுடைய இயல்புத்தன்மையே என்று மார்த்தா கிரென்ஷா 1981-லேயே எழுதினார். உளவியல் மருத்துவர் மார்க் சேஜ்மன் 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து, பெரும்பாலோர் நட்பாலும் உறவாலும் இழுக்கப்பட்டவர்கள் என்று கண்டறிந்தார். முதலில் சேர்க்கை, கொள்கை பிறகு.

ஆகவே 'நோக்கம் என்ன' என்ற கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். தலைமையிடம் கேட்டால் அது கணக்கு: எதிரி அரசை ஆத்திரமூட்டி அளவு மீறிய பதிலடிக்குத் தள்ளுவது, அந்தப் பதிலடியால் புண்படும் மக்களைத் தம் பக்கம் திருப்புவது. அமைப்பிடம் கேட்டால் பிழைப்பு: போட்டிக் குழுக்களை விஞ்சிக் காட்டாவிட்டால் நிதியும் ஆளும் வராது. கடைநிலை உறுப்பினரிடம் கேட்டால் அவமானம், பழிவாங்கல், ஒரு குழுவில் இடம், சில நேரம் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணம். கசாப், பாகிஸ்தான் பஞ்சாபின் ஃபரித்கோட் கிராமத்தில் நொறுக்குத்தீனி விற்றவரின் மகன். திருட்டுத் தொழிலுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தேடிப் போய் லஷ்கரில் சேர்ந்ததாக வாக்குமூலம் அளித்தவர். அதே சதியில் இலக்குகளை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி, அமெரிக்கக் குடிமகன். பாகிஸ்தான் தூதரக அதிகாரியாகவும் வானொலி நிபுணராகவும் இருந்தவரின் மகன். இருவரையும் ஒரே காரணத்தால் விளக்க இயலாது.

நான்காவதாக அரசுகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகர் மேல் 1988-இல் 270 பேரைப் பலி கொண்ட விமானக் குண்டுவெடிப்புக்கு லிபியா 2003-இல் பொறுப்பேற்றது. மும்பைத் தாக்குதலில் பாகிஸ்தானின் ஐஎஸ்ஐ உளவு அமைப்பின் அதிகாரி தன்னை வழிநடத்தியதாக ஹெட்லி சிகாகோ நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். பாகிஸ்தான் அதை மறுக்கிறது. நேரடிப் போரில் வெல்ல முடியாத நாட்டுக்கு இது மலிவான போர், மறுப்பதற்கும் வசதியானது.

இத்தனைக்கும் பலன் என்ன? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 அமைப்புகளை ஆராய்ந்தது. முடிவுக்கு வந்த அமைப்புகளுள் 43 விழுக்காடு அரசியல் பாதைக்குத் திரும்பின. 40 விழுக்காட்டைக் காவல்துறையும் உளவுத்துறையும் முடக்கின. ராணுவ பலத்தால் ஒழிந்தவை 7 விழுக்காடு. இலக்கை அடைந்தவை 10 விழுக்காடு. 2009-இல் போர்க்களத்தில் வீழ்ந்த விடுதலைப் புலிகள், அந்தச் சிறிய 7 விழுக்காட்டின் வகையைச் சேர்ந்தவர்கள். இருபதாண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பின் 1986-இல் மிசோ தேசிய முன்னணியின் லால்டெங்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முதலமைச்சரானது முதல் வகைக்கு இந்திய எடுத்துக்காட்டு.

எழுதி முடிக்கப்படாத வரையறை

பயங்கரவாதத்துக்கு எதிரான முதல் உலக உடன்படிக்கை 1937-இல் உருவானது. யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் 1934-இல் பிரான்ஸின் மார்செய் நகரில் கொல்லப்பட்டதை அடுத்து, நாடுகளின் சங்கம் அதைத் தயாரித்தது. 24 நாடுகள் கையெழுத்திட்டன. ஏற்புறுதி அளித்தது ஒரே ஒரு நாடு. அது, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியா. உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே இல்லை. 1996-இல் சுதந்திர இந்தியா ஐ.நா.வில் முன்மொழிந்த விரிவான உடன்படிக்கையும் இன்றுவரை நிறைவேறவில்லை. அன்னிய ஆக்கிரமிப்பை எதிர்ப்போரை விலக்க வேண்டுமா, அரசுகளின் ராணுவ நடவடிக்கைகளைச் சேர்க்க வேண்டுமா என்ற இரு கேள்விகளில் உறுப்பு நாடுகள் உடன்படவில்லை.

உள்நாட்டில் தடா, பொடா ஆகிய சட்டங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த புகார்களுக்கு இடையே முறையே 1995-இலும் 2004-இலும் முடிவுக்கு வந்தன. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, அமைப்புகளை மட்டுமன்றித் தனிநபர்களையும் பயங்கரவாதிகள் என அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 113-ஆவது பிரிவில் பயங்கரவாதச் செயலைப் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டு வந்துள்ளது.

இந்தச் சட்டங்கள் அனைத்தும் செயலோடு நோக்கத்தையும் பார்க்கின்றன: மக்களிடையே அச்சத்தை விளைவிக்கும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. அதன் விளைவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் வழக்கே சான்று. 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரை விடுவித்து, நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சதியின் நோக்கம் ராஜீவ் காந்தி என்ற தனிமனிதரைக் கொல்வதே தவிர, மக்களை அச்சுறுத்துவதோ அரசைப் பணிய வைப்பதோ அல்ல. எனவே அது தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்று அந்தத் தீர்ப்பு கூறியது.